நல்ல ஏரியாதான்... தெரு எப்படி?

2025 மார்ச் 25, செவ்வாய்க்கிழமை. பால் வாங்கவும் வாக்கிங் போகவும் ஆட்கள் வெளியே வரத் தொடங்கியிருந்த காலை நேரம். தென்சென்னையில் பைக்கில் வந்தவர்கள் ஒரு தெருவில் செயினைப் பறித்தார்கள். அடுத்த பகுதிக்குப் பாய்ந்து அங்கும் பறித்தார்கள். அதற்கடுத்த இடத்திலும் அதுவே நடந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பறித்தவர்கள் அன்றே விமானம் ஏறிப் பறந்துவிடத் திட்டமிட்டிருந்தார்கள். கேமரா பதிவுகளை வைத்துத் துரத்திய போலீஸ், விமான நிலையத்திலேயே இருவரைப் பிடித்தது.

அன்று நகை பறிபோன இடங்களில் பெசன்ட் நகரும் திருவான்மியூரும் உண்டு. இந்த இரண்டு பெயர்களைச் சொன்னாலே வீட்டு புரோக்கரின் குரலில் ஒரு தெம்பு வந்துவிடும். "ஏரியா சூப்பர் சார், எல்லாம் டீசன்ட் ஃபேமிலி" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அகலமான தெரு, மர நிழல், கூட்டமில்லாத அமைதி எல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால், அதிகாலையில் பைக்கில் வருபவனுக்கும் அந்த அகலமும் அமைதியும் வசதிதான். பார்க்க ஆளில்லை, திரும்பி ஓடத் தடையில்லை.

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுபவர்கள் பெரும்பாலும் ஏரியாவின் பெயருக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள். பாதுகாப்பு என்பதோ பின்கோடு அளவில் இருப்பதில்லை. அது தெருவுக்குத் தெரு மாறும், ஒரே தெருவில் மணிக்கு மணி மாறும், மழைக் காலத்தில் முற்றிலும் வேறாகிவிடும்.

விசாரிக்கப்படுவது யார்?

2012 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் வங்கிகள் கொள்ளையடிக்கப்பட்டன. பிப்ரவரி 23 அதிகாலை, வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்த ஐந்து பேரை, அந்தக் கொள்ளையர்கள் இவர்கள்தான் என்று சொல்லி போலீஸ் சுட்டுக் கொன்றது. அப்போதைய கமிஷனர் ஜே.கே.திரிபாதி, குடியிருப்போர் விவரங்களை வீட்டு உரிமையாளர்கள் காவல் நிலையத்தில் கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஆதார் நகல், போட்டோ, எங்கே வேலை, சொந்த ஊர் எது என்று வாடகைக்கு வருபவரின் ஜாதகம் ஓனர் கைக்குப் போவது அப்போதிலிருந்து இன்னும் இறுகிவிட்டது.

எதிர்த் திசையில் எதுவும் நகரவில்லை. போன மழைக்கு இந்த வீட்டில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, இதற்கு முன் இருந்தவர் ஏன் காலி செய்தார், மாடிப்படி விளக்கு எத்தனை மாதமாக எரியவில்லை என்றெல்லாம் எழுதித் தரும் படிவம் எதுவும் கிடையாது. அதை வாடகைதாரரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பத்து நிமிடம் வீட்டைச் சுற்றிப் பார்த்து, குழாயைத் திறந்து மூடி, "டோக்கன் அட்வான்ஸ் போட்டுடுங்க, இன்னும் ரெண்டு பார்ட்டி வெயிட்டிங்" என்ற நெருக்கடியில் அந்தத் தேடல் நடப்பதில்லை.

குற்றப் புள்ளிவிவரம் உதவாதா? ஓரளவுக்குத்தான். பாலியல் குற்றம் போன்ற சில வகைகளைத் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. ஆனால், வழக்கு அதிகம் பதிவாகும் ஸ்டேஷன் எல்லை மோசமானது என்று முடிவு கட்டிவிட முடியாது. அங்கே புகாரை வாங்கிக்கொள்கிறார்கள் என்பதாகவும் அது இருக்கலாம். செல்போன் பறிகொடுத்தவர் எழுதிக் கொடுத்த புகாருக்கு எஃப்.ஐ.ஆர். இல்லாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பும் ஊரில், எண்ணிக்கையை மட்டும் நம்பி வீடு பார்க்க முடியாது.

ராத்திரி பத்து மணி

சிறுசேரி சிப்காட் பற்றி 2014-ன் தொடக்கம் வரை எவரும் பயந்து பேசியதில்லை. கண்ணாடிக் கட்டடங்கள், அடையாள அட்டை தட்டினால் திறக்கும் கதவுகள், வாசலில் காவலர்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் இரவு வேலை முடித்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்த இளம் மென்பொருள் பொறியாளர் காணாமல் போனார். ஒன்பது நாட்கள் கழித்து, அலுவலகத்துக்கு அதிக தூரமில்லாத ஒரு புதரில் சடலம் கிடைத்தது. வளாகத்துக்குள் இருந்த வெளிச்சம் வெளியே சாலையில் இல்லை. பஸ் நிறுத்தம் வரையிலான நடை யார் கணக்கிலும் வரவில்லை.

வாடகை வீட்டுக்கும் இதே கதைதான். வீட்டின் பாதுகாப்பு அதன் கேட்டில் தொடங்குவதில்லை. மெட்ரோவிலிருந்தோ பஸ்ஸிலிருந்தோ இறங்கும் இடத்தில் தொடங்குகிறது. அந்த அரை கிலோமீட்டரை இரவு பத்து மணிக்கு ஒருமுறை நடந்து பார்த்தால் போதும், புரோக்கர் சொல்லாத பலதும் தெரிந்துவிடும். எத்தனை கம்பங்களில் விளக்கு எரிகிறது? காலி மனைகள் எத்தனை? நடைபாதையை ஆக்கிரமித்து வண்டிகள் நிற்கின்றனவா, அதனால் நடப்பவர் சாலையின் நடுவே போக வேண்டியிருக்கிறதா? டாஸ்மாக் கடை இருப்பதைவிட, வாங்கியவர்கள் எந்தச் சந்தில் உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்பது முக்கியம். அந்தச் சந்து வீட்டுக்குப் போகும் வழியாக இருந்தால் வேறு வீடு பார்ப்பது நல்லது. நைட் ஷிஃப்ட் முடிந்து டூவீலரில் வருபவருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. தெருமுனையில் எத்தனை நாய்கள்?

இப்படி நடந்து பார்த்துத் தெருவை மதிப்பிடுவதை ஒரு முறையாகவே வகுத்திருக்கிறார்கள். 1989-ல் கனடாவின் டொரன்டோவில் பெண்கள் அமைப்பு ஒன்று 'பாதுகாப்புத் தணிக்கை' என்ற பெயரில் இதைத் தொடங்கியது. டெல்லியில் ஜாகோரி அமைப்பு அதைக் கையில் எடுத்தது. 2012 டிசம்பரில் அங்கே நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, 2013-ல் கல்பனா விஸ்வநாத்தும் ஆஷிஷ் பாசுவும் 'சேஃப்டிபின்' செயலியை உருவாக்கினார்கள். வெளிச்சம், திறந்த வெளி, பார்வைக்கு எட்டும் தன்மை, ஆள் நடமாட்டம், காவல், நடைபாதை, பொதுப் போக்குவரத்து, தெருவில் பெண்கள் இருக்கிறார்களா, அங்கே நிற்கும்போது என்ன தோன்றுகிறது என ஒன்பது அளவுகோல்கள். கடைசிக்கு முந்தையதுதான் மிகக் கூர்மையானது. ஆண்கள் மட்டும் நிறைந்த வெளிச்சமான தெருவைவிட, நாலு பெண்கள் நின்று பேசும் சுமாரான வெளிச்சமுள்ள தெரு நம்பகமானது. இரவு ஒன்பதரைக்கும் பெண்கள் மாவு பாக்கெட் வாங்க இறங்கி வரும் தெரு என்றால், அந்தத் தெருவுக்குச் சான்றிதழ் தேவையில்லை.

ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கர் 1961-லேயே இதை எழுதிவிட்டார். நியூயார்க்கின் ஹட்சன் தெருவில் குடியிருந்த அவர், தெருவைக் காப்பது போலீஸைவிடத் தெருவின் மேல் விழுந்துகொண்டே இருக்கும் கண்கள் என்றார். சென்னையில் அந்தக் கண்கள் யாருடையவை என்று கண்டுபிடிப்பது எளிது. இஸ்திரி வண்டிக்காரர், பூக்காரம்மா, மெடிக்கல் ஷாப் பையன், ஆட்டோ ஸ்டாண்டில் செய்தித்தாளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர். இவர்களில் ஒருவரும் இல்லாத 'எக்ஸ்க்ளூசிவ்' தெருவுக்குக் கூடுதல் வாடகை கேட்பது விசித்திரம்தான்.

கேமராவும் கேட்டும்

2016 ஜூன் 24 காலை. நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தின் நடைமேடையில், மற்ற பயணிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலையத்தில் அன்று கண்காணிப்பு கேமரா இல்லை. சந்தேக நபரின் உருவம் கிடைத்தது அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் இருந்த கேமராக்களில்தான். அடுத்த சில ஆண்டுகளில் கமிஷனர் ஏ.கே.விஸ்வநாதன் 'மூன்றாவது கண்' திட்டத்தில் தெருவெங்கும் கேமரா பொருத்த வைத்தார்.

ஆனால், நடந்துவிட்ட குற்றத்தில் ஆளைக் கண்டுபிடிக்கத்தான் கேமரா உதவும். நடக்கவிடாமல் தடுப்பது வேறு வேலை. அந்த உதவியும் கேமரா ஓடினால்தானே? 'இந்த வளாகம் கண்காணிப்பில் உள்ளது' என்ற போர்டைப் பார்த்துத் திருப்தியடையாமல், நேற்று இரவுப் பதிவைக் காட்டச் சொல்லிக் கேட்டால் செயலாளரின் முகமே பதில் சொல்லிவிடும். ஹார்டு டிஸ்க் நிறைந்து மாதக்கணக்கில் எதுவும் பதிவாகாத அபார்ட்மென்ட்கள் இந்த நகரில் உண்டு.

கேட்டுக்குள் இருப்பதாலேயே பாதுகாப்பு என்ற நம்பிக்கையை அயனாவரம் வழக்கு உலுக்கியது. 2018-ல் வெளிவந்த அந்த வழக்கில், நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட குடியிருப்பில் ஒரு சிறுமி பல மாதங்களாகப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டிருந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் லிஃப்ட் ஆபரேட்டர், காவலாளிகள், பராமரிப்பு வேலைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் போக்ஸோ நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. வெளியாட்களை வடிகட்டவே கேட் போட்டிருந்தார்கள். உள்ளே வேலை செய்பவர்களை அமர்த்தியது எந்த ஏஜென்சி, அவர்களின் பின்னணியை யார் சரிபார்த்தது, மொட்டை மாடிக்கும் அடித்தளத்துக்கும் சாவி யாரிடம் என்ற கேள்விகளை ஒரு சங்கம் முகம் சுளிக்காமல் எதிர்கொண்டால் அதுவே நல்ல அறிகுறி.

பெண்கள் விடுதி தேடுபவர்களுக்கு இன்னொரு சம்பவம். 2018 டிசம்பரில் ஆதம்பாக்கம் தில்லை கங்கா நகரில், வீட்டைப் பெண்கள் விடுதியாக நடத்தியவரே அறைகளில் ரகசிய கேமராக்களை ஒளித்துவைத்திருந்தது அம்பலமாகி, அவர் கைதானார். அதைக் கண்டுபிடித்தவர்கள் அங்கே தங்கியிருந்த பெண்களே. பெண்கள் விடுதிகள் பதிவு செய்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2014-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

திருடனைவிடத் தண்ணீர்

இத்தனை பேசினாலும், சென்னையில் வீட்டுக்குள் அழையாமல் நுழைவதில் முதலிடம் தண்ணீருக்குத்தான். வீடு பார்க்க வருபவர்கள் இதை வெயில் காலத்தில் மறந்துவிடுகிறார்கள். புரோக்கர்களுக்கும் வெயில் காலம்தான் பிடிக்கும்.

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் கரைகள் இரவோடு இரவாக மூழ்கின. முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை மட்டும் அல்ல, அந்தஸ்தான கோட்டூர்புரமும் தப்பவில்லை. நந்தம்பாக்கம் டிஃபன்ஸ் காலனியில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும் தங்கள் வீட்டிலேயே வெள்ளத்தில் சிக்கி இறந்தார்கள். வாட்ச்மேன், காம்பவுண்டு, நல்ல அக்கம்பக்கம் எதற்கும் அந்த இரவில் வேலையில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அடி வாங்கிய வரைபடமே வேறு. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் நீர் வடியவில்லை. காரப்பாக்கத்தில் சிக்கிய நடிகர் விஷ்ணு விஷாலையும், அப்போது சென்னையில் இருந்த ஆமிர் கானையும் படகில் மீட்டார்கள். 2015-ல் வந்தது, ஏரித் தண்ணீர் ஆற்றில் பாய்ந்த வெள்ளம். 2023-ல் வந்தது, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றித் தேங்கிய வெள்ளம். தென்புறத்து ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணையில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்த்தான் கடல் சேர வேண்டும். அந்தச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் தின்றுவிட்டன. 2022-ல் ராம்சர் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது 1,247 ஹெக்டேர்.

எனவே "2015-லயே இங்க தண்ணி வரலை சார்" என்ற உத்தரவாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2015-ல் தப்பிய தெரு 2023-ல் மூழ்கியிருக்கலாம். இரண்டு ஆண்டுகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஓனரைக் கேட்டால் "அடுத்த தெருவுலதான் வந்துச்சு" என்பார், அடுத்த தெரு ஓனரும் அதையேதான் சொல்வார். இஸ்திரிக்காரருக்கு வாடகைக்கு விட வீடு எதுவும் இல்லை, அவரைக் கேட்கலாம்.

சுவர்களும் பேசும். காம்பவுண்டு சுவரில் ஒரே மட்டமாக ஓடும் பழுப்புக் கோடு, இடுப்பளவு வரை மட்டும் புதிதாக அடித்த பெயின்ட், ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றிப் பொருத்திய மின் மீட்டர்கள், மேடாக்கிக் கட்டிய சம்ப் வாய் இவையெல்லாம் தண்ணீர் வந்துபோன கையெழுத்து. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் தெருவைவிடப் பள்ளத்தில் இறங்கிவிட்ட தரைத்தள வீடுகள் மாம்பலம் பக்கம் ஏராளம். தியாகராய நகரே 1920-களில் நெடிய ஏரி ஒன்றைத் தூர்த்து எழுப்பப்பட்டது. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தால், இன்றைய புறநகர் அபார்ட்மென்ட் நிற்கும் இடம் ஒரு காலத்தில் என்னவாக இருந்தது என்பது தெரிந்துவிடும்.

இதைவிட நேர்மையான வரைபடம் ஒன்றும் உண்டு. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக ஏற்றி நிறுத்திவிட்டார்கள். எந்த ஏரியா மக்கள் எச்சரிக்கை கேட்டவுடன் கார் சாவியைத் தேடுகிறார்கள் என்பதைவிடத் துல்லியமான வெள்ள ஆய்வை எந்த வல்லுநரும் தந்துவிட முடியாது.

தண்ணீரோடு மின்சாரமும் வரும். 2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில், தேங்கிய மழை நீரில் கிடந்த மின்கம்பியால் இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். வீட்டு வாசலுக்கு எதிரே மூடியில்லாத மின் இணைப்புப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டிருந்தால், அதைப் போட்டோ எடுத்து மின்வாரியத்துக்குப் புகார் அனுப்பி, என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்குள் சரிசெய்தால், அந்தத் தெரு மீது அதிகாரிகளுக்கு அக்கறை இருக்கிறது என்று அர்த்தம்.

'அந்த ஏரியாவா?'

பெயரை நம்பிப் பணம் கொடுப்பது ஒரு பக்கம் என்றால், பெயரைக் கேட்டே ஒதுங்குவது இன்னொரு பக்கம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்றாலே சினிமா ரவுடி கண்முன் வந்துவிடுகிறான். நெருக்கமான வீடுகளும் வாசலிலேயே நடக்கும் வாழ்க்கையும் கொண்ட அந்தத் தெருக்கள் பலவற்றில், ஜேக்கப்ஸ் சொன்ன கண்கள் நள்ளிரவிலும் விழித்திருக்கின்றன என்பது அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியும். கத்திச் சண்டை நடக்கும் சந்துகளும் உண்டுதான். ஆனால், அது எந்தச் சந்து என்று உள்ளூர்க்காரர் விரல் நீட்டிச் சொல்லிவிடுவார்.

கண்ணகி நகரின் நிலை இன்னும் மோசம். நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களை 2000-லிருந்து துரைப்பாக்கத்தை ஒட்டிக் குடியேற்றினார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியை மாற்றி எழுத வேண்டியிருக்கிறது என்பது அங்குள்ள இளைஞர்களின் பழைய புகார். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய கார்த்திகா அந்த ஊர்ப் பெண். ஒட்டுமொத்தமாக ஒரு ஊரையே 'ஆபத்து' என்று குறித்துவைப்பது, வீடு தேடுபவரையும் ஏமாற்றுகிறது, அங்கே வாழ்பவரையும் அவமதிக்கிறது.

இதில் தேர்வு செய்யும் வசதி எல்லோருக்கும் இல்லை என்பதும் சேரும். 'வெஜிடேரியன் ஒன்லி', 'ஃபேமிலி மட்டும்' என்ற நிபந்தனைகளுக்குப் பின்னால் சாதியும் மதமும் மறைந்து நிற்பது ஊரறிந்தது. தனியாக வாழும் பெண்ணும், இஸ்லாமியக் குடும்பமும், தலித் இளைஞரும் 'நல்ல தெரு'வில் மறுக்கப்பட்டு, பஸ் குறைந்த, விளக்கு குறைந்த புறநகருக்குத் தள்ளப்படுகிறார்கள். ஆபத்தான தெருவை இவர்கள் தேடிப் போவதில்லை. எந்தத் தெருவில் வீடு கிடைத்ததோ அங்கே போகிறார்கள்.

கையெழுத்துக்கு முன்

முகவரியில் 'சென்னை' என்று இருந்தாலும் காவல் நிலையம் சென்னைக் காவல் துறையின் கீழ் வராமல் போகலாம். 2022 ஜனவரி முதல் தாம்பரமும் ஆவடியும் தனி கமிஷனரேட்டுகள். முடிச்சூரும் பெரும்பாக்கமும் தாம்பரத்துக்குப் போயின. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, மாநகராட்சிக்கு 1913 என்று எண்கள் இருக்கின்றன. 2022 ஏப்ரலில் வந்த 'காவல் உதவி' செயலியும் இருக்கிறது. ஆனாலும் ஸ்டேஷன் எது, அங்கிருந்து வண்டி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று குடிபோகும் முன்பே தெரிந்துவைத்திருப்பவர் குறைவு.

கடைசியாக, ஒப்பந்தம். 1960-ம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017 சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. தகராறு வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ ஓனர் துண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் சரி என்ற ஓட்டையும் கூடவே உண்டு. பத்து மாத அட்வான்ஸ் சென்னையில் இன்னும் உயிரோடு இருப்பது அந்த ஓட்டை வழியாகத்தான்.

முன்பணத்துக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்றால், இருக்கிறது. முதல் மழையில் வீடு மூழ்கினாலும், மாடி வீட்டுக்காரர் குடித்துவிட்டுக் கதவைத் தட்டினாலும் வெளியேற முடியாமல் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அட்வான்ஸ் பணத்தால்தான். 'பதினொரு மாதத்துக்குள் காலி செய்தால் இரண்டு மாத வாடகை பிடித்தம்' என்ற லாக்-இன் வரி ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். வெள்ளம் புகுந்தாலோ, போலீஸில் புகார் கொடுக்கும்படியான தொல்லை இருந்தாலோ இந்தப் பிடித்தம் பொருந்தாது என்று அதற்குக் கீழேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். தண்ணீரே வராத வீடு என்று அடித்துச் சொன்ன ஓனர், அந்த வரியில் கையெழுத்துப் போட எவ்வளவு யோசிக்கிறார் என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.